கரண்டு வைத்த இடத்தில் மறுபடி கட்டி வருமா?



பிள்ளைகளின் கண்பார்வையைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். மூக்குக் கண்ணாடி விஷயத்தை இந்த இதழில் தொடர்வதாகவும் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆயாவிடம் பேசியது பத்து நாளாக என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் தோட்டத்தின் பெயர்தான். தோட்டந்தான் இல்லை. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையிலும் பாதியை அழித்து வீடு கட்டினார்கள். லயத்துச் சனங்களில் பலர் ஈப்போ பக்கம் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் பிள்ளைகளைப் பழைய பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆயாவும் அப்படித்தான். மூன்றாம் ஆண்டில் படிக்கும் பேத்தியைத் தினமும் மோட்டார் சைக்கிளில் கூட்டி வருவார். வயது அறுபதை நெருங்குகிறது. முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய கை.

சில வாரங்களுக்கு முன் ஆயாவின் மார்பில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். ஆரம்ப நிலைதான், மார்பு முழுவதையும் எடுக்கத் தேவைப்படவில்லை. பினாங்குக்குப் போய்ப் பதினைந்து நாள் கரண்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எப்போ ஆயா பினாங்குக்கு?" என்று கேட்டேன்.

"போகல டீச்சர். கட்டியத்தான் எடுத்தாச்சே. கரண்டு வச்சா அந்த எடத்துலயே வேற புத்து கெளம்புமாம். நம்ம மண்டோர் வீட்டு அக்காவுக்கு வரலியா? நீங்களே பக்கத்துல இருந்து பாத்தீங்க. புக்கிட் மேராவுல என்ன நடந்துச்சுன்னும் தெரியும். தெரிஞ்சே போயி எதுக்கு டீச்சர் உடம்ப காட்டணும்?"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், ஊர்வாயை நம்பாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். ஆயா சொன்னதைப் பொய் என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை. மண்டோர் வீட்டு அக்காவை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004-ல் அந்த அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. கட்டியை எடுத்துவிட்டுக் கோலாலம்பூரில் இருபத்தைந்து முறை கரண்டு வைத்தார்கள். அந்த ஐந்து வாரமும் செந்தூலில் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். திரும்பி வந்தபோது தோல் கறுத்து, வெயிலில் காய்ந்த ரப்பர் சீட்டு மாதிரி இருந்தது. சில மாதத்தில் அதுவும் சரியாகிவிட்டது. அதன்பிறகு ஒன்பது வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டு மகள்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். ஒரு வருஷம் தைப்பூசத்துக்குக் குனோங் சீரோவுக்கு எங்கள் எல்லாரையும் விட வேகமாக நடந்து வந்தார்.

2013-ல் பழைய தழும்புக்குக் கீழே இருபது காசு அளவில் ஒரு கறை தெரிந்தது. நிறம் கத்தரிப்பூ மாதிரி. எங்காவது இடித்துக்கொண்டிருப்போம் என்று நினைத்துக் கோடாலித் தைலம் தேய்த்தார். கறை போகவில்லை, பக்கத்திலேயே இன்னும் இரண்டு வந்தன. ஒரு கிளினிக்கில் காட்டியதற்குத் தோலில் கிருமி என்று சொல்லி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். அதிலேயே மூன்று மாதம் ஓடிவிட்டது. முன்பு கரண்டு வைத்ததுண்டா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேளாததை அக்காவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் தோலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை ஆழமாக எடுத்தபோதுதான் ஆஞ்சியோசர்க்கோமா என்று தெரிந்தது. ரத்தக் குழாயின் உள்சுவரில் முளைக்கும் புற்று அது. பழைய மார்புப் புற்று திரும்பி வரவில்லை. கரண்டு பட்ட இடத்தில் புதிதாக முளைத்த வேறு சாதிப் புற்று.

ஆகவே ஆயா கேட்டதில் உண்மை இருக்கிறது. முழு உண்மை எவ்வளவு என்பதைத்தான் இந்தத் தடவை பேசப் போகிறேன்.

கரண்டு என்று நாம் சொன்னாலும் அது மின்சாரம் அல்ல. எக்ஸ்ரே இனத்தைச் சேர்ந்த கதிர்தான். ஆனால் பன்மடங்கு வலிமையானது. நெஞ்சைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரேயையும் இதையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம். படம் பிடிப்பதில் படுவது மிகமிகச் சொற்பம். தமிழ்நாட்டிலும் இதற்குக் கரண்டு என்றுதான் பேர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்குப் போய், கரண்டு வைத்துப் பிழைத்து வந்தவர்களின் கதை நம் உறவுக்காரர்களிடமே கேட்கலாம்.

உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஒரு நூல் இருக்கிறது. அது வளர்வதும் பெருகுவதும் அந்த நூலில் எழுதியபடிதான். கதிர் பட்டால் நூல் அறுந்துபோகும். அறுந்ததை ஒட்டப் புற்றணுவுக்குச் சாமர்த்தியம் குறைவு, அதனால் சாகிறது. பக்கத்திலுள்ள நல்ல அணுக்கள் ஒட்டிக்கொண்டு பிழைக்கின்றன. லட்சோபலட்சம் அணுக்களில் ஏதோ ஒன்று தப்பாக ஒட்டிக்கொண்டால் வருகிறது வம்பு. அது உடனே தெரியாது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பட்டை மறுபடி வளர்ந்து, வருஷங்கள் கழித்து அந்தப் பக்கத்துக்கே வெட்ட வரும்போதுதான் முண்டும் முடிச்சுமாக நிற்கும். மண்டோர் திட்டுவது இன்றைக்கு வெட்டுகிறவனை. காயம் வைத்தவன் வேறு ஆள்.

இது டாக்டர்களுக்குப் புதிய செய்தியல்ல. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். எடிசனிடம் அந்தக் கருவியில் வேலை செய்த கிளாரன்ஸ் டாலி என்பவர் கைகளில் புண்ணாகி, புற்றாகி, 1904-ல் இறந்துபோனார். கதிரால் குணமான இடத்தில் வரும் புற்றைப் பற்றி 1948-ல் நியூயார்க்கில் கேஹன் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். கதிர் பட்ட எலும்பில் சர்க்கோமா வந்த பதினொரு பேரின் விவரம் அதில் இருக்கிறது. எதைக் கதிரால் வந்ததென்று சொல்லலாம் என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோலைக் கொஞ்சம் மாற்றி இன்றும் பயன்படுத்துகிறார்கள். கதிர் பட்ட எல்லைக்குள் வந்திருக்க வேண்டும். பழைய நோயிலிருந்து வேறு வகையாக இருக்க வேண்டும். இடையில் சில வருஷம் கடந்திருக்க வேண்டும். மண்டோர் வீட்டு அக்காவுக்கு மூன்றும் பொருந்தின.

இன்னொரு சம்பவத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை, வெளிநாடுகளிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோருக்குத் தலைப்படைக்காகக் கதிர் வைத்தார்கள். ஆம், தலையில் வட்டவட்டமாக முடி கொட்டுமே, நம் லயத்துப் பிள்ளைகளுக்கும் வந்ததே, அந்தப் படைதான். அப்போது அதற்கு நல்ல மாத்திரை இல்லை. படை போயிற்று. பிள்ளைகளும் வளர்ந்தார்கள். பிறகு அவர்களுக்கு மூளையில் கட்டியும் கழுத்துத் தைராய்டில் புற்றும் மற்றவர்களைவிட அதிகமாக வருவதை மோடான் என்ற டாக்டர் 1974-ல் கணக்கெடுத்து வெளியிட்டார். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு படைக்குக் கொடுத்த விலை அது. இன்றைக்கு எந்த டாக்டரும் படைக்குக் கதிர் வைக்கமாட்டார். அந்தக் கணக்கிலிருந்து வந்த தெளிவு அது.

புற்றுநோய்க்கு வைக்கும்போது கணக்கு மாறுகிறது. அந்தக் கணக்கை ஆயாவுக்குக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டினேன். மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு வகுப்பில் உட்காரவைத்துச் செய்தேன். நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்புக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பைக் காப்பாற்றிய பெண்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பதினேழு ஆராய்ச்சிகளை ஒன்றாகக் கூட்டி 2011-ல் ஒரு முடிவு வெளியானது. ஆயிரம் பேருக்குக் கரண்டு வைக்காமல் விட்டால், பத்து வருஷத்துக்குள் 350 பேருக்கு நோய் திரும்புகிறது. வைத்தால் 193 பேருக்கு. பதினைந்து வருஷத்துக்குள் அந்த நோயால் சாகிறவர்கள், வைக்காவிட்டால் 252, வைத்தால் 214. இத்தோடு நிறுத்தினால் ஆயா கேட்டதற்குப் பதில் ஆகாது. கரண்டே வேறு வியாதியைக் கொண்டுவந்து கொன்றால்? அதனால் எந்தக் காரணத்தால் செத்தாலும் சரி என்று எல்லாச் சாவையும் சேர்த்தே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வைக்காதவர்களில் 376, வைத்தவர்களில் 346. கரண்டு செய்த கெடுதலும் இந்த எண்ணுக்குள்ளேயே அடக்கம். அப்படியும் ஆயிரத்துக்கு முப்பது பேர் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள்.

இப்போது மறுபக்கம். நெதர்லாந்தில் 1989-லிருந்து 2015 வரை மார்புப் புற்று வந்த ஏறக்குறைய மூன்று லட்சம் பெண்களின் பதிவேட்டைப் பார்த்தார்கள். ஆஞ்சியோசர்க்கோமா வந்தவர்கள் 209 பேர். கரண்டு வைத்துக்கொண்டவர்களை மட்டும் எடுத்தால் ஆயிரத்துக்கு ஒருவர் அளவு. பெரும்பாலும் எட்டு வருஷம் கழித்து வந்திருக்கிறது. சிலருக்கு மூன்று வருஷத்திலேயே, சிலருக்கு இருபது வருஷம் கழித்து. இந்த ஒரு வகையை மட்டும் பாராமல், கதிரால் வரக்கூடிய எல்லாப் புற்றையும் சேர்த்து அமெரிக்காவில் 2011-ல் கணக்கிட்டார்கள். பல உறுப்புகளுக்குக் கரண்டு வைத்த பெரியவர்களில், பதினைந்து வருஷத்தில் ஆயிரத்துக்கு ஐந்து பேருக்குக் கூடுதலாக வரலாம் என்று தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வயது, சிகரெட், பரம்பரை போன்றவை. கதிரைக் காரணமாகச் சொல்லக்கூடியது நூற்றுக்கு எட்டு அளவுதான்.

பலகையைப் பார்த்துக்கொண்டே ஆயா கேட்டார்: "அந்த ஆயிரத்துல ஒருத்தி நானா இருந்தா?"

இந்தக் கேள்விக்குக் கணக்கு வாத்தியாரிடம் பதில் கிடையாது. மண்டோர் வீட்டு அக்கா அந்த ஒருத்தியாக இருந்தார். ஆகவே அப்படி வந்துவிட்டால் என்ன செய்வார்கள், எவ்வளவு நாள் பிழைக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

இதற்கு முதல் சிகிச்சை கத்திதான். கறை தெரிகிற இடத்தை மட்டும் வெட்டினால் போதாது. தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். மார்பு முழுவதையும், முன்பு கரண்டு பட்ட தோலில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் எடுத்துவிட்டு, முதுகிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலும் தசையும் கொண்டுவந்து மூடுவார்கள். அக்காவுக்கு முதுகிலிருந்து எடுத்தார்கள். ஓரமெல்லாம் சுத்தமாக வந்தவர்களுக்கு, கட்டி சிறியதாக இருந்தவர்களுக்கு, நல்ல வாய்ப்பு. ஆனாலும் அதே இடத்தில் திரும்பி வருவது இந்த நோயின் கெட்ட குணம். அப்படி வந்தால், அல்லது வெட்ட முடியாத நிலையில் இருந்தால், பாக்லிடாக்செல் என்ற மருந்தை வாரா வாரம் ஊசிவழி ஏற்றுவார்கள். பல பேருக்குக் கறை சுருங்குகிறது. சில நாடுகளில் அந்த இடத்தைச் சூடேற்றி, அளவோடு மறுபடியும் கரண்டே வைத்துப் பார்க்கிறார்கள். முள்ளை முள்ளால் எடுக்கிற கதை, எல்லாருக்கும் ஒத்துவராது. நெதர்லாந்துக் கணக்கில், இந்த நோய் கண்டு ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் பத்துக்கு நான்கு பேர்.

அக்கா நான்கு வருஷம் இருந்தார். அறுவைக்குப் பிறகு பதினான்கு மாதம் சுகம். தழும்பின் ஓரத்தில் மறுபடி வந்தது, மருந்துக்கு அடங்கியது, பிறகு நுரையீரலுக்குப் போய்விட்டது. 2017-ல் இறந்தார். கடைசி மாதங்களில் ஒருநாள் நானே கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது. "அன்னைக்குக் கரண்டு வச்சுக்கிட்டது தப்புன்னு நெனைக்கிறீங்களாக்கா?" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. "ரெண்டு கல்யாணம் முடிச்சிருக்கேன் டீச்சர், நாலு பேரப்புள்ள பாத்திருக்கேன். அந்தக் களிம்பு கொடுத்த மூணு மாசத்த நெனச்சாத்தான் வயிறு எரியுது" என்றார்.

எனக்கும் அந்த மூன்று மாதம்தான் உறுத்துகிறது. அதனால் முன்பு எப்போதாவது கரண்டு வைத்துக்கொண்ட சகோதரிகள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பயந்து நடுங்கச் சொல்லவில்லை. கரண்டு பட்ட இடத்தைக் குளிக்கும்போது ஒருதரம் பாருங்கள். ஊதா, சிவப்பு, நீலம் கலந்த கறை, அடிபடாமலே ரத்தம் கட்டினது போன்ற தடம், சின்னக் கொப்புளம், திடீரென்று தோல் தடிப்பது, இவற்றில் ஏதாவது வந்து இரண்டு வாரத்தில் மறையாவிட்டால் தைலத்தை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் வாய்திறந்து முதலில் சொல்ல வேண்டியது, "இந்த இடத்தில் இந்த வருஷம் எனக்குக் கரண்டு வைத்திருக்கிறார்கள்" என்பதுதான். பத்து வருஷம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பத்து வருஷம் ஆனதால்தான் சொல்ல வேண்டும். முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்து, கறை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால், மறுபடி ஆழமாக எடுத்துப் பார்க்கும்படி கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பழைய ஆஸ்பத்திரி அட்டையையும் காகிதங்களையும் தூக்கிப் போடாதீர்கள். வீடு மாறும்போது நம் சனங்கள் முதலில் கழிப்பது காகிதத்தைத்தான். எந்த இடத்தில் எவ்வளவு கரண்டு, எந்த மருந்து எத்தனை ஊசி என்பதெல்லாம் அதில் இருக்கும். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தை ஆயுளுக்கு இவ்வளவுதான் ஏற்றலாம், மீறினால் இருதயம் கெடும். முன்பே ஏற்றியது எவ்வளவு என்று தெரியாவிட்டால் புது டாக்டர் கை கட்டிப்போகும். இன்னொன்று, இது அபூர்வ நோய். பல டாக்டர்கள் ஆயுளில் ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார்கள். சர்க்கோமா என்று பெயர் வந்துவிட்டால், அதில் பழகிய டாக்டர்கள் கூட்டாக இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். கோலாலம்பூர்ப் பெரியாஸ்பத்திரியும் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. 2013-லிருந்து புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகமும் இயங்குகிறது. முதல் அறுவையே சரியாக நடந்தால்தான் இந்த நோயில் வாய்ப்பு.

மார்புக்கு மட்டும் உரியதல்ல இது. கர்ப்பவாய்ப் புற்றுக்குக் கரண்டு வைத்தவர்களுக்கு, அருகிலுள்ள மூத்திரப்பை, மலக்குடல் போன்ற இடங்களில் கொஞ்சம் கூடுதலாக வருவதை 1980-களில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வில் கண்டார்கள். எத்தனையோ வருஷம் கழித்து மூத்திரத்திலோ மலத்திலோ ரத்தம் கண்டால் மூலமென்று நாட்டு மருந்தோடு நிற்காதீர்கள். நம் சீனச் சகோதரர்களிடம் அதிகம் காணும் மூக்குத்தொண்டைப் புற்றுக்குக் கரண்டு வைத்த சிலருக்குப் பின்னாளில் தாடையில் சர்க்கோமா வருகிறது. அந்த இடத்தில் முழுக்க வெட்டியெடுப்பது கடினம் என்பதால் பிழைப்பதும் கடினம். சின்ன வயதில் நெஞ்சில் கரண்டு பட்ட பெண்பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயதிலிருந்தோ, கரண்டு வைத்து எட்டு வருஷம் கழித்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து வருஷந்தோறும் மார்பைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைப் பருவத்து உடம்பு கதிருக்கு அதிகம் இளகும். அதனால்தான் பரம்பரையாக வரும் கண் புற்று உள்ள குழந்தைகளுக்கு இப்போது கூடியமட்டும் வெளியிலிருந்து கதிர் வைப்பதைத் தவிர்க்கிறார்கள்.

ஆயா புக்கிட் மேராவை இழுத்ததை நான் மறக்கவில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அலசி மிஞ்சுகிற அமாங் மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதிலிருந்து அரியமண் உலோகங்களைப் பிரிக்க, ஜப்பானிய மிட்சுபிஷியும் பங்காளியாக இருந்த ஏஷியன் ரேர் எர்த் கம்பெனி 1982-ல் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் வேலை தொடங்கியது. கழிவில் கதிர்வீசும் தோரியம் இருந்தது. ஊர்க்காரர்கள் 1985-ல் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992 ஜூலையில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆனாலும் 1994-ல் ஆலை மூடப்பட்டது. அந்தச் சின்ன ஊரில் எட்டுப் பேருக்கு ரத்தப் புற்று வந்ததையும் ஏழு பேர் இறந்ததையும் பத்திரிகைகள் எழுதின. ஆலைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி கடைசிவரை சொன்னது. அந்தக் காலத்தில் நான் சின்னப் பெண். லாஹாட் பக்கம் பஸ் போனால் ஜன்னலைச் சாத்தச் சொல்லும் என் அம்மாவின் முகம் நினைவிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இந்தப் பக்கத்துச் சனம் பயப்படுவதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதே தோரியத்தை 1930-களில் எக்ஸ்ரே படம் தெளிவாக விழ வேண்டுமென்று நோயாளிகளின் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். மருந்தின் பெயர் தோரோட்ராஸ்ட். அது உடம்பைவிட்டு வெளியேறவே இல்லை. இருபது முப்பது வருஷம் கழித்து ஈரலில் ஆஞ்சியோசர்க்கோமா வந்தது, மண்டோர் வீட்டு அக்காவுக்கு வந்த அதே இனம்.

ஆனால் புக்கிட் மேராச் சனத்திடம் யாரும் வந்து, "இவ்வளவு கதிர் படும், இன்ன நன்மை, இன்ன கெடுதல், சம்மதமா?" என்று கேட்கவில்லை. அவர்களுக்கு அதனால் ஒரு நோயும் தீரவில்லை. பினாங்கில் ஆயாவை மேசையில் படுக்கவைத்து, தோலில் குறி போட்டு, நுரையீரலிலும் இருதயத்திலும் படாதபடி கோணம் பார்த்து, சில நிமிஷம் மட்டும் கதிர் விடுவார்கள். எழுந்து வரும்போது உடம்பில் கதிர் தங்கியிருக்காது. அன்றைக்கே பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கணக்கு சரி டீச்சர். ஆனா பாப்பாவ யாரு பாத்துக்குவா? மருமக நைட் ஷிப்டு, மவன் சிங்கப்பூருல" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒரு மணி நேரமாக நெதர்லாந்து, அமெரிக்கா என்று பேசியிருக்கிறேன். ஆயாவின் பயம் நிஜந்தான், ஆனால் அதற்கு அடியில் இது இருந்திருக்கிறது. இப்படி எத்தனை பேர் பயத்தைச் சொல்லிக் கஷ்டத்தை மறைக்கிறார்களோ!

ஆயாவுக்குப் பட்டர்வொர்த்தில் தங்கச்சி மகள் இருக்கிறார். ஈப்போவிலிருந்து ரயிலில் போய் அங்கே இறங்கி, மூன்று வாரம் தங்கி, தினமும் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஏற்பாடாகியிருக்கிறது. திங்கட்கிழமை காலை முதல் வண்டி. பழைய காகிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே பேரெழுதிக் கொடுத்திருக்கிறேன். பாப்பா எங்கள் வீட்டில் தங்குகிறாள். இட்டிலி வேண்டாமாம், ரொட்டி சானாய்தான் வேண்டுமாம்.

மூக்குக் கண்ணாடியைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.